ராஜாவை ஏன் போட்டீங்க?

நீங்கள் கடைசியாக ஒரு குழந்தையிடம் வேண்டுமென்றே தோற்றது எப்போது?

கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைக் கோணலாக அடித்திருப்பீர்கள். ஓட்டப்பந்தயத்தில் கடைசி நாலு அடி இருக்கும்போது மூச்சு வாங்குவதுபோல் நடித்திருப்பீர்கள். செஸ்ஸில் தெரிந்தே ராணியை வெட்டுக் கொடுத்துவிட்டு, "ஐயையோ, போச்சே!" என்று தலையில் கை வைத்திருப்பீர்கள். குழந்தை குதித்திருக்கும். உங்களுக்கும் சந்தோஷம். இதில் என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை என்றுதான் நானும் இருந்தேன், ஒரு மே மாதம் சூலூர் போகும்வரை.

சூலூர், கோயமுத்தூரிலிருந்து திருச்சி ரோட்டில் இருபது கிலோமீட்டர் போல வரும். விமானப்படைத் தளம் இருக்கிற ஊர். தலைக்கு மேலே அவ்வப்போது ஹெலிகாப்டர் சத்தம், தெருவுக்குள் போனால் விசைத்தறிச் சத்தம். இரண்டுக்கும் பழகிப்போன என் அக்கா அங்கே இருக்கிறாள். மச்சான் ஒரு மில்லில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். லீவுக்கு பெங்களூரிலிருந்து அக்கா மகள், தன் எட்டு வயதுப் பையனோடு வந்திருந்தாள். வரும்போது ஒரு சீட்டுக்கட்டும், அடுத்த ஃப்ளாட்காரர்களிடம் கற்றுக்கொண்ட ஒரு ஆட்டமும் கொண்டுவந்தாள். ஆட்டத்தின் பெயர் கோல்ஃப்.

"கோல்ஃபா? செட்டிப்பாளையம் பக்கம் பெரிய மனுசங்க கார் எடுத்துட்டுப் போயி ஆடறாங்களே, அதா?" என்றார் மச்சான்.

அதேதான். ஆனால் இதற்குக் காரும் வேண்டாம், புல்வெளியும் வேண்டாம். ஒரு பாய் போதும்.

எப்படி ஆடுவது என்று சொல்லிவிடுகிறேன். லீவு நாளில் உங்களுக்கும் உதவும். நாலு பேர் என்றால் ஒரு கட்டு போதும், அதற்கு மேல் போனால் இரண்டு கட்டு. ஆளுக்கு ஆறு சீட்டு. அதைக் கையில் எடுத்து விசிறி மாதிரி பிடிக்கக்கூடாது. பார்க்கவும் கூடாது. கவிழ்த்தபடியே முன்னால் மேல் வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் மூன்று என்று அடுக்க வேண்டும். அவற்றில் ஏதாவது இரண்டை மட்டும் திருப்பி வைக்கலாம். மற்ற நாலும் என்னவென்று உங்களுக்கே தெரியாது. ரம்மி ஆடிப் பழகிய கைக்கு இது பெரிய அவஸ்தை.

மீதிக் கட்டை நடுவில் கவிழ்த்து வைத்து, மேல் சீட்டு ஒன்றைத் திறந்து பக்கத்தில் போடுகிறோம். உங்கள் முறை வரும்போது அந்தத் திறந்த சீட்டை எடுக்கலாம், அல்லது கவிழ்ந்த கட்டிலிருந்து எடுக்கலாம். எடுத்ததை உங்கள் ஆறில் எதற்கு வேண்டுமானாலும் பதிலாக வைத்துவிட்டு, அங்கே இருந்ததைத் திறந்து போட வேண்டும். கட்டிலிருந்து எடுத்தது பிடிக்காவிட்டால் அதையே போட்டுவிடலாம். திறந்த சீட்டை எடுத்தால் மட்டும் வைத்தே ஆகவேண்டும். யாராவது ஒருத்தருடைய ஆறும் திறந்துவிட்டால், மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு முறை. பிறகு எல்லோரும் மிச்சத்தைத் திருப்பிக் கணக்குப் போட வேண்டியதுதான்.

ஏஸுக்கு ஒன்று. மூன்று முதல் பத்து வரை அதனதன் எண். ஜாக்கிக்கும் ராணிக்கும் பத்துப் பத்து. ராஜாவுக்குப் பூஜ்யம். ரெண்டு வந்தால் மைனஸ் இரண்டு, அதாவது உங்கள் கணக்கிலிருந்தே இரண்டு குறையும். மேலும் கீழுமாக ஒரே எண் வந்து ஜோடி சேர்ந்தால் அந்த இரண்டு சீட்டுக்கும் சேர்த்துப் பூஜ்யம். இப்படி ஒன்பது ஆட்டம். கோல்ஃப் மைதானத்தில் குழிக்குக் குழி அடித்துக்கொண்டே போவதுபோல. அங்கே யார் குறைந்த அடியில் முடித்தார்களோ அவர்தான் வெற்றி, இங்கே யாரிடம் குறைந்த புள்ளியோ அவர். வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கும். ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பேசித் தீர்த்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

"சீட்டாட்டமா, அதுவும் சின்னப் பையனோட?" என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பீர்கள். நியாயம்தான். சீட்டில் தோட்டம் துரவு போன கதை நம் பக்கத்தில் ஊருக்கு ஒன்று உண்டு. ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதைத் தடுக்க 2025-ல் மத்திய அரசே தனிச் சட்டம் கொண்டுவந்தது. நாங்கள் வைத்தது காசு இல்லை, வறுத்த வேர்க்கடலைகூட இல்லை. வெறும் பெருமை. அதுதான் சிக்கலே.

முதல் நாள் பையன் ஜெயித்தான். இரண்டாம் நாளும் ஜெயித்தான். வீடெல்லாம் ஓடினான். பெங்களூரில் இருக்கிற அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னான். மூன்றாம் நாள் ராத்திரி, நாலாவது ஆட்டம். மச்சான் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார், பார்த்தார், திறந்து போட்டார். இஸ்பேட் ராஜா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பேரன். சட்டென்று அதை எடுத்து வைத்துக்கொண்டான். வைத்துவிட்டு அப்புச்சியின் சீட்டுகளைப் பார்த்தான். அங்கே ஒரு ஒன்பது பளிச்சென்று திறந்து கிடந்தது.

"அப்புச்சி, ராஜாவுக்குப் பூஜ்யந்தானே?"

"ஆமா சாமி."

"ஒம்பதை எடுத்துட்டு ராஜாவை வெச்சிருக்கலாமில்ல? ராஜாவை ஏன் போட்டீங்க?"

"மறந்துட்டேன், சாமி."

அடுத்த சுற்றில் ஒரு ரெண்டு வந்தது. மச்சான் கை அதையும் தானாகப் போட்டுவிட்டது. பையன் இந்தத் தடவை அதை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

"அப்புச்சி, நீங்க மில்லுல கணக்குத்தானே பாத்துட்டிருந்தீங்க?"

யாரும் பேசவில்லை. அக்கா மட்டும் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாது என்று உடனே நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப நேத்து?" என்றான் பையன்.

அந்த "அப்ப நேத்து?" தான் என்னை உலுக்கிவிட்டது. இன்றைக்கு விட்டுக்கொடுத்தது அவனுக்குப் பெரிதில்லை. முந்தின நாள் ஜெயித்ததும், அதற்கு முந்தின நாள் ஜெயித்ததும், அப்பாவுக்கு போன் போட்டதும் எல்லாம் ஒரே நொடியில் சந்தேகத்துக்கு வந்துவிட்டன. "முந்தாநேத்து நீ நெசமாவே ஜெயிச்சே சாமி, சத்தியமா. நான் ஒண்ணுமே செய்யல" என்றார் மச்சான். அது உண்மை. முதல் நாள் அவருக்கே ஆட்டம் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் பையன் நம்பவில்லை. எப்படி நம்புவான்? கள்ள நோட்டு ஒன்று அகப்பட்டுவிட்டால் பையில் இருக்கிற நல்ல நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தானே பார்க்கிறோம்!

சீட்டுகளைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

விளையாட்டு மைதானத்தில் இதையே செய்தால் என்ன ஆகும் தெரியுமா? 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் பெண்கள் பேட்மின்டன் இரட்டையர் பிரிவில் நாலு ஜோடிகள், அதாவது எட்டுப் பேர், வேண்டுமென்றே தோற்கப் பார்த்தார்கள். சீனாவிலிருந்து ஒரு ஜோடி, தென்கொரியாவிலிருந்து இரண்டு, இந்தோனேசியாவிலிருந்து ஒன்று. அடுத்த சுற்றில் சுலபமான எதிரி கிடைக்க வேண்டும் என்ற கணக்கு. பந்தை வலையில் அடித்தார்கள், சர்வீஸையே தப்பாகப் போட்டார்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். எட்டுப் பேரையும் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஜெயிக்க முயற்சி செய்யவில்லை என்பதுதான் குற்றம்.

அவர்கள் சுயநலத்துக்குத் தோற்றார்கள், மச்சான் பாசத்துக்குத் தோற்றார். இரண்டும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். மச்சானும் அதைத்தான் கேட்டார். பையன் தூங்கின பிறகு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "வெளிய போனா எப்படியும் தோக்கத்தான் போறான். பரீட்சை, வேலை, அது இதுன்னு ஆயிரம் இருக்குது. வூட்டுக்குள்ளயாச்சும் ரெண்டு நாளு ஜெயிக்கட்டுமே மாப்ள" என்றார்.

லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் லாப நஷ்டத்தை எழுதிய மனுஷன் சொல்கிறார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

மூன்று வயதுக் குழந்தையோடு கண்ணாமூச்சி ஆடுகிறோம். திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டு காலும் வெளியே தெரிகின்றன. "எங்கே காணோமே?" என்று வீடெல்லாம் தேடுகிறோம். இது ஏமாற்றா? சத்தியமாக இல்லை. அங்கே தேடுவதுதான் ஆட்டம், கண்டுபிடிப்பது இல்லை. ஆனால் ஒரு வயதில் குழந்தை புள்ளி எண்ண ஆரம்பிக்கிறது. பேப்பரும் பென்சிலும் கேட்கிறது. அப்போது அது வேறு ஒன்றைக் கேட்கிறது என்று நமக்குப் புரிவதில்லை. "நான் எவ்வளவு பெரியவன் ஆகியிருக்கிறேன், அளந்து சொல்" என்கிறது. சுவரில் சாய்ந்து நிற்கிற பிள்ளையின் உயரத்தைக் கோடு போடும்போது, பாசத்தில் நாலு அங்குலம் ஏற்றியா போடுவோம்?

தெருவில் கிரிக்கெட் ஆடும்போது வாண்டு ஒன்று அழுதுகொண்டே வந்து நிற்கும். "சேர்த்துக்கடா, ஒப்புக்குச் சப்பாணி" என்பான் பெரிய பையன். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, அடித்த ரன்னும் ரன் இல்லை. நானும் அப்படி ஒரு கோடை முழுக்க ஆடியிருக்கிறேன். ஒருநாள் என் கேட்சைப் பிடித்தவன் கையைக்கூடத் தூக்காமல் பந்தை பவுலரிடம் எறிந்தான். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவுட் என்று கத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்படியானால் எட்டு வயதுப் பையனோடு அறுபத்தெட்டு வயது அப்புச்சி முழு பலத்தோடு மோத வேண்டியதுதானா? அதுவும் சரியாகப் படவில்லை. தினமும் தோற்கிறவன் பத்தாம் நாள் பாய்ப் பக்கமே வரமாட்டான்.

இதற்கு வழி, அந்தச் சீட்டாட்டத்துக்குப் பெயர் கொடுத்த விளையாட்டிலேயே இருந்தது.

கோல்ஃபில் ஒரு விசேஷம், நிறைய ஆட்டங்களில் கூடவே நடுவர் வருவதில்லை. தன் தப்பைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். 1925-ல் அமெரிக்க ஓப்பன் போட்டி. பாபி ஜோன்ஸ் என்ற ஆட்டக்காரர் அடிக்கத் தயாராகும்போது பந்து ஒரு நூல் அசைந்துவிட்டதாகச் சொன்னார். வேறு யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகள் விசாரித்துவிட்டு, முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் தன் கணக்கில் ஓர் அடி ஏற்றிக்கொண்டார். கடைசியில் வில்லி மெக்ஃபர்லேன் என்பவரோடு சமமாகி, மறு ஆட்டத்தில் தோற்றார். அந்த ஓர் அடி இல்லையென்றால் மறு ஆட்டமே வந்திருக்காது, கோப்பை அவருக்குத்தான். பாராட்டியவர்களிடம், பேங்கைக் கொள்ளையடிக்காமல் இருந்ததற்கும் பாராட்டுவீர்களா என்கிற மாதிரி எரிந்து விழுந்தாராம்.

இவ்வளவு கறாரான விளையாட்டில்தான் இன்னொன்றும் இருக்கிறது. ஹேண்டிகேப். நன்றாக ஆடுகிறவரும் சுமாராக ஆடுகிறவரும் ஒரே மைதானத்தில் சமமாக மோத ஒரு ஏற்பாடு. சுமாரானவருக்கு, அவருடைய பழைய ஆட்டங்களைக் கணக்குப் பார்த்து, இத்தனை அடி சலுகை என்று முன்கூட்டியே ஒரு எண் கொடுத்துவிடுகிறார்கள். கடைசியில் அவர் அடித்த மொத்தத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்வார். 2020-லிருந்து உலகம் முழுக்க இதற்கு ஒரே முறை. ஐம்பத்திநாலு வரைக்கும்கூடப் போகலாம். இந்த ஏற்பாடு இருப்பதால், புதிதாகக் கற்றுக்கொண்டவர் பழம் தின்று கொட்டை போட்டவரோடு நிஜமாகவே மோதலாம். எதிரி முழு மூச்சாக ஆடலாம். யாரும் நடிக்க வேண்டாம்.

அந்த வார்த்தையின் கதை தெரியுமா? பழைய இங்கிலாந்தில் இரண்டு பேர் பண்டமாற்று செய்யும்போது, எது மட்டமான பொருளோ அதைக் கொடுப்பவர் மேற்கொண்டு எவ்வளவு தரவேண்டும் என்று மூன்றாவது ஆள் ஒருவர் நிர்ணயிப்பாராம். அந்த வியாபாரத்துக்குச் சம்மதமா இல்லையா என்பதைத் தொப்பிக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டுவார்கள். தொப்பிக்குள் கை, அதிலிருந்து வந்த பெயர். பிற்பாடு அதே வார்த்தையை ஊனத்துக்கும் சொல்லி, பிறகு வேண்டாமென்று நாம் மாற்றுத்திறனாளிக்கு வந்தது தனிக்கதை. நம்ம ஆடுபுலி ஆட்டமும் இப்படித்தான். மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. புலி யாரும் "பாவம் ஆடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தோற்பதில்லை. எல்லோரும் பார்க்கும்படி எண்ணி வைத்துவிட்டுத்தான் ஆட்டமே ஆரம்பிக்கிறது.

சலுகை கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை என்பதைப் புரிந்துகொண்டிருப்பீர்கள். வாங்குகிறவனுக்குத் தெரியாமல் கொடுக்கிறோமே, அதில்தான் சண்டை.

இதைத் திண்ணையில் மச்சானிடம் பெரிய தத்துவம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டேன். அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவின் கடைசி இரண்டு வருஷம் ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. ஆனால் ரம்மி மட்டும் வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தீக்குச்சி வைத்து ஆடுவோம். எந்தச் சீட்டு போயிற்று, எது வரவேண்டும் என்று ஒரு காலத்தில் கட்டையே மனப்பாடமாக வைத்திருந்தவர். ரம்மி திறமை ஆட்டம்தான் என்று 1968-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. ஆனால் ரம்மியில் எதிராளிக்குத் தெரியாமல் தோற்பதற்கு இன்னும் கூடுதல் திறமை வேண்டும். அந்தத் திறமையை நான் வளர்த்துக்கொண்டேன். அவருக்குத் தேவை என்று தெரிந்த சீட்டையே போடுவேன். சேர்ந்த செட்டைக் கலைப்பேன். அவர் குச்சிகளை எண்ணி அடுக்குவதைப் பார்க்க அவ்வளவு திருப்தி.

ஒருநாள் ராத்திரி ஆட்டம் முடியவே இல்லை. கட்டு தீர்ந்து, மறுபடி கலைத்து வைத்து, அதுவும் தீர்ந்தது. நான் ஆட்டின் அஞ்சைப் போட்டால் அவர் எடுக்கவில்லை. அவர் போட்டதோ நான் காத்துக்கொண்டிருந்த சீட்டு, அதை நான் எடுக்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து, "இன்னுமா முடியல?" என்று குரல் கொடுத்தாள்.

"உம்மவன் ஜெயிக்க மாட்டேங்கறான்" என்றார் அப்பா.

எவ்வளவு நாளாக அவருக்குத் தெரியும்? அவர் எனக்கு எத்தனை நாள் விட்டுக்கொடுத்தார்? நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம், குச்சிகளைப் பெட்டியில் போட்டோம். அதற்குப் பிறகும் ஆடினோம், அதே மாதிரிதான் ஆடினோம். ஆனால் அது வேறு ஆட்டம். கண்ணாமூச்சி மாதிரி, இரண்டு பேருக்கும் கால் தெரிந்த ஆட்டம். அவரிடம் போய் "உங்களுக்குப் பத்துப் புள்ளி சலுகை" என்று என்னால் சொல்லியிருக்க முடியுமா? முடியாது. எட்டு வயதுக்குச் சொல்லலாம். அவன் ஏறிக்கொண்டிருக்கிறவன், அந்த எண் குறைந்துகொண்டே வரும். அப்பாவுக்குக் கூடிக்கொண்டே போகும். அதை எண்ணில் பார்க்க அவரை விடக்கூடாது என்று நினைத்தேன். இதைச் சொன்னால் நான் இவ்வளவு நேரம் பேசியது உதைக்கிறது இல்லையா? உதைக்கட்டும். அவருக்குத் தெரியாமல் ஆடிய அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. தெரிந்த பிறகு ஆடியவற்றில் அந்தக் கூச்சம் இல்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் சாயங்காலம் அவரே பாயை விரித்தார். பையன் தூணுக்குப் பக்கத்தில் நின்றான். வரவில்லை.

"இங்க பாரு சாமி. அப்புச்சி தப்புப் பண்ணிட்டேன். இன்னைக்கு ராஜா வந்தா ஒனக்குக் கெடையாது. ஒரு சீட்டுகூட விட்டுத் தரமாட்டேன். ஆனா ஒனக்கு எட்டு வயசு, எனக்கு அறுவத்தெட்டு. அதனால ஆட்டத்துக்கு ரெண்டு புள்ளி வீதம் ஒம்பது ஆட்டத்துக்குப் பதினெட்டு. கடைசில ஒன் கணக்குல கழிச்சுக்கலாம். இப்பவே எழுதிடறேன்" என்று பேப்பரில் மேலே, தன் பழைய மில் கையெழுத்தில், பேரன் பெயருக்கு நேராகப் பதினெட்டு என்று எழுதிக் கோடு போட்டார்.

பையன் பேப்பரை வாங்கிப் பார்த்தான். உட்கார்ந்தான்.

அன்றைக்கு மச்சான் ஆடினதைப் பார்க்கணுமே! மூன்றாவது ஆட்டத்தில் மேலே ஏழு, கீழே ஏழு என்று ஜோடி சேர்த்து மீசையைத் தடவிக்கொண்டார். ராஜா வந்ததும் பேரன் முகத்துக்கு நேராகக் காட்டிவிட்டு வைத்தார். அக்கா, "கொழந்தைகூடப் போயி இப்படியுமா?" என்று அதட்டினாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஒன்பது முடிந்தது. பதினெட்டைக் கழித்தும் பையன் நாலு புள்ளியில் தோற்றான்.

அழப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தோம். அக்கா மகள் அவசரமாக, "நாளைக்கு இருபத்தஞ்சா வாங்கிக்கடா" என்றாள்.

அவன் பேப்பரை எடுத்து, ஆறாவது ஆட்டத்தில் விரலை வைத்தான். "இதுல நான் அவசரப்பட்டு எல்லாத்தையும் தெறந்துட்டேன்" என்றான். பிறகு கட்டை அப்புச்சி பக்கம் தள்ளினான்.

"பதினெட்டே போதும். கலைங்க."